கடைசி மருந்தும் கேட்காதபோது

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



மழை பிடித்துவிட்டது. அளத்தில் வேலை இல்லை. கூலி விஷயத்தைத் தலைவர் பேசிவிட்டார். நாங்கள் சளியையும் இருமலையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீர்கள். இதுவும் கூலி விஷயந்தான்.

சென்ற ஆண்டு நமது தோழர் ஒருவர், உப்பு வாருகிறவர், காய்ச்சலோடு இரண்டு நாள் பாத்தியில் நின்றார். மூன்றாம் நாள் ஒரு மருந்துக் கடையில், டாக்டர் சீட்டு இல்லாமல், நாலு மாத்திரை வாங்கி விழுங்கினார். காய்ச்சல் இறங்கிற்று, மறுபடி வேலைக்குப் போனார். பத்தாம் நாள் மூச்சு முட்டி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டையில் குழாய், மூச்சு விடுவது வெண்டிலேட்டர். முதலில் வந்த நிமோனியா தணிந்தது. ஆனால் அந்தக் குழாய் வழியே வேறொரு கிருமி நுரையீரலில் புகுந்துகொண்டது. டாக்டர் சொன்னார்: "மூன்று மருந்து கொடுத்தாயிற்று. எதுவும் கேட்கவில்லை." நாலாவது மருந்து கேட்டது. தோழர் பிழைத்தார். வீட்டில் இருந்த பொட்டுத் தங்கம் அடகுக் கடைக்குப் போயிற்று. இன்று அவரால் வாருபலகை பிடிக்க முடியவில்லை.

அந்த நாலு மாத்திரைதான் காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இரண்டாவதாக வந்தது ஆஸ்பத்திரியிலேயே காத்திருந்த கிருமி. இது ஒருவர் கதையும் அல்ல. புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள் இதை ஆராய்ந்து 2009, 2010-ம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வெண்டிலேட்டரில் இருந்த 200 நோயாளிகளில் 36 பேருக்கு இப்படி நிமோனியா வந்தது. அதற்குக் காரணமான கிருமிகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் பல மருந்துகளுக்கு மசியாதவை. ஆராய்ந்து ஊரறியச் சொன்னவர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. கணக்கே எடுக்காத ஆஸ்பத்திரிகளை நினைத்துத்தான் பயப்பட வேண்டும்.

மருந்து ஏன் கேட்காமல் போகிறது? அளத்தில் பார்த்திருப்பீர்கள். மண்ணில் உப்பு ஏற ஏற மற்றப் புல்லெல்லாம் கருகும். உமரி மட்டும் நிற்கும். உப்பு உமரியை உண்டாக்கவில்லை. அதற்குப் போட்டியாக இருந்ததையெல்லாம் அழித்து இடம் விட்டது. ஆண்டிபயாட்டிக் செய்வதும் அதுதான். ஒவ்வொரு முறையும் எளிய கிருமி சாகிறது. தாங்குகிற கிருமி மிஞ்சிப் பெருகுகிறது. உமரி தன் வித்தையைப் பக்கத்துப் புல்லுக்குக் கற்றுக் கொடுக்க முடியாது. கிருமி கற்றுக் கொடுக்கும்! ஒரு ஜாதிக் கிருமியிலிருந்து வேறு ஜாதிக் கிருமிக்கு அந்தத் தன்மை கைமாறுகிறது.

டில்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் இப்படிக் கைமாறும் தன்மை ஒன்றைக் கண்டார்கள். கார்பாபெனம் என்ற கடைசி வரிசை மருந்துகளையே அது உடைத்தது. அதற்குப் புது டில்லியின் பெயரையே வைத்தார்கள். 2010-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் மற்ற விஞ்ஞானிகளும் அதே தன்மையைச் சென்னையில் எடுத்த 44 கிருமி மாதிரிகளில் காட்டினார்கள். மத்திய சர்க்கார் என்ன செய்தது? டில்லியின் பெயரை எப்படி வைக்கலாம் என்று கோபித்துக்கொண்டது. 2011-ல் டில்லியில் 50 இடங்களில் பிடித்த குழாய்த் தண்ணீரில் இரண்டில் அது இருந்தது. பெயர் போயிற்றே என்று கவலைப்பட்டவர்கள் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம்.

"பாமர ஜனங்கள் கண்டபடி மாத்திரை தின்கிறார்கள், அதனால்தான்" என்று உபதேசம் செய்கிறவர்கள் உண்டு. ஹைதராபாத் பக்கம் பட்டஞ்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வெளியே விட்ட தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை ஸிப்ரோப்ளாக்ஸாஸின் இருந்ததை 2007-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் கூட அவ்வளவு இராது! கோலிஸ்டின் என்பது வேறு வழியில்லாதபோது மனிதனுக்குக் கொடுக்கும் மருந்து. அதைக் கோழி கொழுக்கத் தீவனத்தில் போட்டார்கள். 2019-ல்தான் தடை வந்தது. புது மருந்தாவது வருமா? அமெரிக்காவில் அகாவோஜன் என்ற கம்பெனி 2018-ல் ஒரு புது ஆண்டிபயாட்டிக்குக்கு அனுமதி வாங்கிற்று, 2019-ல் திவாலாயிற்று. புது மருந்தைச் சேமித்து வைத்து, அபூர்வமாகத்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் லாபம் ஏது?

நமது தோழர் ஏன் நாலு மாத்திரையோடு நின்றார்? ஐந்தாவது வாங்கினால் அன்றைய அரிசி இல்லை. படுத்தால் கூலி இல்லை. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள ஆலைத் தொழிலாளி, நிபந்தனைப்படி, வருஷத்தில் 91 நாள் வரை நூற்றுக்கு 70 பங்கு கூலியோடு படுக்கலாம். பாத்தியிலும் வயலிலும் தினக்கூலிக்கு நிற்பவனுக்கு அது இல்லை. நோய்க்கால ஊதியம் வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான். பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே சளியைப் பரிசோதித்து, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க வசதி வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் போதிய நர்ஸுகள் வேண்டும். ஓடி ஓடிப் பத்து நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் ஒவ்வொரு முறையும் கை கழுவ எங்கே நேரம்? தலைமாட்டை உயர்த்தி வைக்க, வாயைச் சுத்தம் செய்ய, குழாயைச் சீக்கிரம் எடுக்க, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமே!

நம் பங்கும் உண்டு. சாதாரண ஜலதோஷத்துக்கு ஆண்டிபயாட்டிக் கேட்காது. ஆலைத் தோழருக்கு லீவு முடிந்து வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகி இருமல் வந்தால், பஞ்சுத் தூசியாக இருக்கலாம். அதற்கும் இந்த மாத்திரை வேலை செய்யாது. முக்கியமான பல ஆண்டிபயாட்டிக்குகளைச் சீட்டின் மேல்தான் விற்க வேண்டும், நோயாளி பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. நாமே கடைக்காரரை நச்சரித்து விதியை உடைக்க வேண்டாம். எத்தனை நாள் சாப்பிடுவது? அதிக நாள் சாப்பிட்டால் நல்லது என்று நாங்களே முன்பு பேசியதுண்டு, அது சரியல்ல. சாதாரண நிமோனியாவில், உடம்பு தேறினால், ஐந்து நாள் போதும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். டாக்டர் சொன்ன நாள்தான் கணக்கு. காசநோய் வேறு, அதன் மருந்தை மாதக் கணக்கில், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

பேசி முடிக்கும்போது ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "மாத்திரை வேண்டாங்கிறீங்க. ராத்திரியில புள்ளைக்கு மூச்சு வாங்குனா சும்மா பாத்துக்கிட்டு இருக்கவா?"

இல்லை, அம்மா. அப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. நிமோனியாவுக்குச் சரியான ஆண்டிபயாட்டிக்கைக் காலத்தில் கொடுத்தால்தான் உயிர் பிழைக்கும். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60. நெஞ்சுக் கீழ்ப்பக்கம் உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு மூச்சு 30-ஐத் தொட்டால், பேச்சுக் குழறினால், உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது முன்பு சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியட்டும்.