பிறப்பு ரகசியம் இல்லாத காதல் கதை



வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நம்மிடம் வாசிக்கக் கொடுக்கும் கைப்பிரதிகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. காலனிப் பையன், ஊர்ப் பெண், கல்லூரிப் பேருந்து, வீட்டுக்குத் தெரிதல், கடைசிப் பக்கத்தில் தண்டவாளம். "இது பழசு, வேறு எழுது" என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. நடப்பது நின்றிருந்தால்தானே கதை பழசாகும்? ஆனாலும் வாசிப்பவருக்கு நான்காம் வரியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த சாவுக்கு யாரும் பதறுவதில்லை. இன்றைய உரை இந்தச் சிக்கலைப் பற்றியது.

இக்கதையை முதலில் சொன்னவர்கள் நம் கூத்துக்காரர்கள், கதைப்பாடல்காரர்கள். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பிக் கழுவேறினான். மதுரை வீரனும் முத்துப்பட்டனும் சாதி தாண்டிக் காதலித்தார்கள். இவர்களைப் பாடியவர்களுக்குத் துணிச்சல் இருந்தது. பிறகு யாரோ ஒரு திருத்தம் போட்டார்கள். மதுரை வீரன் உண்மையில் காசி ராஜன் பிள்ளையாம், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம். முத்துப்பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்களாம். காத்தவராயனோ தெய்வப் பிறவி. ஆக, சாதி மீறலே நடக்கவில்லை! கதையைக் கொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

சினிமா வேறு வழி பிடித்தது. 1997-இல் வந்த 'பாரதி கண்ணம்மா'வில் பண்ணையாள் காதலியின் சிதையில் பாய்கிறான், பண்ணையாரின் மனம் மாறுகிறது. அந்த மனமாற்றத்துக்கு விலை நம் வீட்டுப் பிள்ளையின் உயிர். 2018-இல் 'பரியேறும் பெருமாள்' இந்தக் கணக்கை மறுத்தது. பரியன் சாகவில்லை, காதலென்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அவன் என்னென்ன பட்டான் என்பது கடைசிவரை ஜோவுக்குத் தெரியாது. பழைய கதையில் இருவருக்கும் பொதுவாக இருந்த துயரம் இங்கே ஒருவன் தலையில் மட்டும் விழுகிறது. ஒருத்திக்குத் தெரியாமல் இருக்க முடிவதே சாதி கொடுக்கும் சலுகை என்று படம் காட்டிவிட்டது.

எழுத்துக்கு வருவோம். இமையத்தின் 'பெத்தவன்' 2012-இல் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. பெண்ணைக் கொல்ல வேண்டும் என்கிறது ஊர். கொல்ல வேண்டியவர் அப்பா. கதை காதலர்களை விட்டுவிட்டு அந்த ஓரிரவு அப்பாவோடு நடக்கிறது. அவர் மகளைக் காப்பாற்றி அனுப்பிவிட்டுத் தன்னை மாய்த்துக்கொள்கிறார். சாதி தன் சொந்த வீட்டு ஆளையும் தின்னும் என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன கதை குறைவு. நமக்கு ஒரு மனக்குறை உண்டு: காதலனான தலித் இளைஞன் ஓரமாகவே நிற்கிறான், அந்த இரவில் அவன் வீட்டில் விளக்கு எரிந்ததா என்று தெரியவில்லை. அந்தக் கதையை நம்மில் ஒருவர்தான் எழுத வேண்டும்.

அவருடைய 'செல்லாத பணம்' நமக்கு இன்னும் பக்கம். ஜிப்மர் தீக்காயப் பிரிவு வாசலில் நடக்கும் நாவல் அது. 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை விரும்பி மணந்தவள். காதல் வளர்ந்த விதத்தைவிட வராந்தாவில் காத்திருக்கும் சொந்தங்களின் பேச்சுதான் நாவலை நிறைக்கிறது. அந்த வராந்தாவில் உட்காராத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) சரோஜாவின் சாதியைச் சொல்லாமலே நகர்கிறது. ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நாமும் நம்மை அறியாமல் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். படித்து முடித்தபின் கூசுகிறது.

இவர்கள் யாரும் புதுக்கதை கண்டுபிடிக்கவில்லை. எங்கே நின்று பார்ப்பது என்பதை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நாம் நிற்கும் இடமோ விசித்திரமானது. பாகூர்க் கொம்யூனில் ஒரு தெரு தாண்டினால் கடலூர் மாவட்டம், வில்லியனூர்ப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கிழிசல் எல்லை. 1881 ஆணைப்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப்பெயர் எடுத்தவர்களில் நம் மக்களும் இருந்தார்கள். பெயரைக் கேட்டால் சாதி தெரியாது, தெருவைச் சொன்னால் தெரிந்துவிடும். அந்தப் பெயரோடு ஒருவன் காதலிக்கப் போனால் முதல் கேள்வி எப்படி வரும்? இதை எழுதிய கதை நம் கையில் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. புதுச்சேரிக்கானது 1964-இல் வந்தது. ஒரு மாநிலத்துச் சான்று இன்னொரு மாநிலத்தில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. இங்கே பூர்வீகம், குடிபெயர்ந்தவர் என்ற பேச்சு நம் காலனிக்குள்ளேயே ஓடுகிறது. கடலூர்ப் பக்கத்துப் பெண்ணும் பாகூர்ப் பையனும் ஒரே சாதி, ஒரே வறுமை, நடுவே ஒரு வாய்க்கால். இருவரும் விரும்புகிறார்கள். அரிவாளோடு வர யாரும் இல்லை. கல்யாணம் முடிந்து அவள் வேலைக்கு மனுப் போடுகிறாள். தாலுகா ஆபீஸ் சன்னலுக்கு அந்தப்புறம் இருப்பவர், "அப்பா எந்த ஊர்?" என்று கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் மாமியார், அதுவரை "எங்க பொண்ணு" என்றவள், "அது அந்தாண்ட ஊருங்க" என்கிறாள்.

அந்தப் பெண் வெளியே வந்து அவனிடம் என்ன பேசினாள்? எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் வாசிக்கப் போகிறோம்.