முதல் விமானப் பயணத்துக்கு வகுப்பறையில் ஓர் ஒத்திகை

(வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்குத் தேர்வான மாணவர்களின் வழிகாட்டி ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. அட்லஸை விரித்து வைத்து உலக நாடுகளைக் காட்டுவது என் அன்றாட வேலை. ஆனால் விமானத்தில் முதன்முதலாக ஏறியது 43 வயதில்தான். நம் துறையின் கல்விச் சுற்றுலாவில் வழிகாட்டி ஆசிரியராக மாணவர்களோடு சிங்கப்பூர் சென்றபோது கிடைத்த வாய்ப்பு அது. முதல் பயணத்துக்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். செய்தவற்றைச் சொல்கிறேன்; உங்களுக்குப் பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. விமானத்தில் ஏறப்போகும் நம் பிள்ளைகளுக்கு எதைக் கண்டு பயம்? உயரத்தைக் கண்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்த மறுநாள், எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எனக்குப் பதிலா வேற யாரையாவது அனுப்பிடுங்க" என்றாள். வீட்டில் மறுக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். விமானம் பயமா என்றேன். அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள்: "அங்க எல்லாம் தெரிஞ்சவங்கதான் இருப்பாங்க டீச்சர். எங்க நிக்கணும், என்ன காட்டணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. சிரிப்பாங்க."

அந்தப் பிள்ளை மாநில அளவில் போட்டியிட்டு வென்றவள். வானத்துக்கு அவள் பயப்படவில்லை. வரிசையில் நிற்பதற்குத்தான் பயந்தாள். இந்தப் பயம் தைரியக் குறைவால் வருவதில்லை, தகவல் இல்லாததால் வருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை அப்பாவின் கையைப் பிடித்து நடந்தே விமான நிலையத்தைக் கற்றுக்கொள்கிறது. நம் பிள்ளைக்கு அந்தக் கையாக இருக்க வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே பயணத்துக்கு முந்தைய மாதத்தில் எட்டுப் பாடவேளைகளை ஒதுக்கி ஒத்திகை பார்த்தோம்.

முதல் பாடவேளை, பெயர். இது நம் ஊருக்கே உரிய சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது நினைவிருக்கலாம். உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. எனவே எழுதும்போதே யோசித்து எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது, பயணம் போகாத பிள்ளைகள் பலருடைய எழுத்துப் பிழைகளும் வெளிவந்தன. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பே அவற்றைத் திருத்த முடிந்தது.

விண்ணப்பத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். போலீஸ் விசாரணை வரவும் வாய்ப்பு உண்டு. இதைப் பெற்றோரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், வீட்டு வாசலில் காவலர் வந்து நிற்கும்போது ஒரு தாய் எப்படிப் பதறுவார் என்று உங்களுக்குத் தெரியும். 18 வயது நிரம்பாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுக்கு அல்லது 18 வயது நிறையும் வரைதான் செல்லும். பல நாடுகள் பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கேட்கின்றன. ஆசிரியர்களாகிய நமக்கோ துறையின் தடையின்மைச் சான்று தேவை. அதற்கான கோப்பு நகர நாளாகும். பட்டியல் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

இரண்டாவது, பை. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதி. வெளிநாட்டுப் பயணத்துக்கு அளவு மாறும். டிக்கெட்டில் இருப்பதே கணக்கு. மருத்துவ முகாமுக்கு வைத்திருக்கும் எடை பார்க்கும் கருவியில் பையோடு ஒருமுறையும் பையில்லாமல் ஒருமுறையும் ஏறி நின்று கழித்துப் பார்த்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள்.

எந்தப் பொருள் எந்தப் பையில் என்பதுதான் பெரிய பாடம். வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் திரவப் பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாத பாட்டிலில் இருக்க வேண்டும். அரை பாட்டில் தேங்காயெண்ணெய் இருந்தாலும், பாட்டிலின் கொள்ளளவு 200 மில்லி என்றால் விடமாட்டார்கள். எண்ணெய், ஊறுகாய் எல்லாம் நன்றாகக் கட்டி பெட்டிக்குள் போக வேண்டும். கத்தரிக்கோலும் ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள காம்பஸும் பெட்டிக்குத்தான். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் ஆள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், சரக்கு அறையில் முடியாது. இதில் ஓர் அறிவியல் கணக்கும் இருக்கிறது. 20,000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 20 ஆம்பியர் மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. வரம்பு 100 வாட் மணி. ஆகவே கொண்டுபோகலாம். தீப்பெட்டி, லைட்டர், சூடம் எந்தப் பையிலும் வேண்டாம். பூஜைப் பையில் அம்மா எதையும் வைத்து அனுப்பியிருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.

அம்மாமார்கள் அன்போடு கட்டித்தரும் மசாலாப் பொடியிலும் ஒரு கவனம் தேவை. நம் வீட்டுக் குருமாவில் சாதாரணமாகச் சேரும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். அது அபினிச் செடியின் விதை என்பதே காரணம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் வியந்தார்கள். தொடர்ந்து மருந்து சாப்பிடும் பிள்ளை இருந்தால் மருத்துவர் சீட்டோடு அதைக் கைப்பையில் வையுங்கள். மாணவிகள் நாப்கினையும் ஒரு மாற்றுடையையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். இதைக் கூச்சமின்றி நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்; அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, கடிகாரம். டிக்கெட்டில் 24 மணி நேர முறைதான் இருக்கும். ஒரு கணக்குக் கேட்டேன்: "விமானம் 15ஆம் தேதி 00.30 மணிக்கு. மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?" பாதிப் பேர் 15ஆம் தேதி இரவு என்றார்கள். சரியான விடை 14ஆம் தேதி இரவு 9.30. ஒரு நாளையே மாற்றிவிடும் கணக்கு இது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரமும் உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரமும் முன்னதாகப் போய்விட வேண்டும். வெளிமாவட்டத்திலிருந்து ரயிலில் வருபவர்களுக்குச் சென்னை விமான நிலையத்தின் எதிரிலேயே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. மெட்ரோ ரயிலும் உண்டு.

நான்காவது, படிகள். இதற்குத்தான் அதிகப் பாடவேளைகள் எடுத்துக்கொண்டோம். வகுப்பறைக் கதவு நுழைவாயில். அங்கே டிக்கெட்டும் அடையாள ஆவணமும் பார்ப்பார் ஒரு 'காவலர்'. ஆசிரியர் மேசை செக்-இன் கவுண்டர். பெட்டியை எடை போட்டு, போர்டிங் பாஸும் பெட்டிக்கான ரசீதும் தருவார் இன்னொரு மாணவர். கரும்பலகை ஓரம் இமிக்ரேஷன். "எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள்" என்ற மூன்று கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியில் பதில் சொல்லிப் பழகினார்கள். இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப்போட்டுப் பாதுகாப்புச் சோதனை. சத்துணவுக் கூடத்துத் தட்டுகளில் கைப்பையையும் செல்போனையும் தனித்தனியாக வைத்து நகர்த்தினார்கள். கடைசி வரிசை, விமானத்துக்குள் அனுப்பும் கேட்.

பலகை வாசிப்பையும் பழக்கினோம். பேருந்து நிலையத்தில் நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவி அழைப்பார். பல விமான நிலையங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் அறிவிப்பு செய்வதில்லை. திரையில் விமான எண், கேட் எண், நேரம் மூன்றையும் நாமே பார்க்க வேண்டும். கேட் எண் கடைசி நேரத்தில் மாறலாம். அதனால் உட்கார்ந்த பிறகும் அவ்வப்போது எழுந்து போய்த் திரையைப் பார்க்கச் சொன்னேன். சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்கு சி.ஜே.பி. என்று மூன்றெழுத்துக் குறியீடுகள் உள்ளன. பெட்டியில் ஒட்டும் சீட்டில் இவைதான் இருக்கும். சென்னைக்கு ஏன் 'எம்' என்று கேட்டால், மெட்ராஸ் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

ஐந்தாவது, விமானத்துக்குள். சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெளியே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறத்தாழ 50 டிகிரி. உள்ளே காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போல வைக்கப்படுகிறது. அதாவது ஊட்டியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மலைப்பாதையில் பேருந்து ஏறி இறங்கும்போது காது அடைப்பதைப் போலவே இங்கும் அடைக்கும். மிட்டாய் சப்பினாலோ, எச்சில் விழுங்கினாலோ, கொட்டாவி விட்டாலோ சரியாகிவிடும். விமானம் குலுங்கினால், மேடுபள்ளச் சாலையில் போகும் பேருந்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். காற்றிலும் மேடுபள்ளம் உண்டு. அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் போட்டிருக்க வேண்டும். கழிவறையில் தண்ணீருக்குப் பதில் பெரும் சத்தத்தோடு காற்று உறிஞ்சும். முன்பே சொல்லிவிட்டால் யாரும் திடுக்கிட மாட்டார்கள்.

இத்தனையும் பழகிய பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னை விமான நிலையத்தில் இமிக்ரேஷன் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வேலைக்காக முதன்முறை வெளிநாடு செல்லும் ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயது, கையில் போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். எத்தனையோ பேர் அவரைக் கடந்து போனார்கள். எங்கள் குழுவில் ஒரு எட்டாம் வகுப்பு மாணவன் அவரிடம் போய், "ஐயா, எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டான். சீட்டை வாங்கிப் பார்த்து, "இது கேட் நம்பர், இது சீட் நம்பர். முதல்ல இந்த வரிசை, அப்புறம் பையைத் தட்டுல வைக்கணும். எங்க பின்னாடியே வாங்க" என்று அழைத்து வந்தான். அவர் என்னைப் பார்த்து, "தம்பி அடிக்கடி போய்வருமோ?" என்று கேட்டார். "இதுதாங்க முதல் தடவை" என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த மாணவன் அதற்குமுன் விமான நிலையத்தைக் கண்டதே இல்லை. பெஞ்சுகளையும் தட்டுகளையும்தான் கண்டிருந்தான். அது போதுமானதாக இருந்தது.

நிறைவாக உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று, தேர்வான பிள்ளையை மட்டும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தராதீர்கள். முழு வகுப்பையும் ஒத்திகைக்கு அழையுங்கள். போகாத பிள்ளைகள் காவலராகவும் அதிகாரியாகவும் நடித்தபடியே கற்றுக்கொள்வார்கள். நம் பிள்ளைகளின் வீடுகளில் இருந்து எத்தனையோ அப்பாக்களும் அண்ணன்களும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். நாளை படிப்புக்காகவோ வேலைக்காகவோ இந்தப் பிள்ளைகளும் போவார்கள். அப்போது பக்கத்தில் நாம் இருக்கமாட்டோம்.

இரண்டு, தெரியாததைக் கேட்பது அவமானமில்லை என்பதையும் பயிற்சியாகவே கொடுங்கள். சீருடையில் இருப்பவரிடம் போய், சீட்டைக் காட்டி, "தயவுசெய்து வழிகாட்டுங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்க ஒவ்வொரு பிள்ளையையும் ஒருமுறையாவது பழக்குங்கள். அந்த ஒரு வாக்கியம் வாய்க்கு வந்துவிட்டால் மருத்துவமனையிலும் வங்கியிலும் கல்லூரி வாசலிலும்கூட அது உதவும்.

வாய்ப்பை அரசு தருகிறது. அந்த வாய்ப்பின் முன்னால் கூசி நிற்காமல் நிமிர்ந்து நிற்கும் பழக்கத்தைத் தருவது நம் வேலை. அதற்கு வேண்டியவை ஒரு வகுப்பறை, நாலு பெஞ்சு, சில தட்டுகள், கொஞ்சம் நேரம். எல்லாப் பள்ளியிலும் இவை இருக்கின்றன.