சித்திரையைத் தாண்டும் தோட்டம்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



தோட்டத்தை ஆரம்பித்து வைப்பதற்கு நம் கிராமங்களில் என்றுமே ஆட்பஞ்சம் இருந்ததில்லை. ஆடியில் ஒரு மழை விழுந்தால் போதும். பள்ளிக்கூடத்தின் பின்புறத்தில் பாத்தி கட்டிக் கத்தரியும் வெண்டையும் நட்டுவிடுகிறோம். தை வரையில் அது கண்ணுக்கு அழகாகவே இருக்கிறது. சித்திரையில் பள்ளிக்கு விடுமுறை வருகிறது. கூடவே வேலிக்குள் ஆடும் வருகிறது. ஆகவே, போட்ட தோட்டத்தைக் காப்பது எவ்வாறு, அந்தக் காவலை ஊராருக்குக் கற்பிப்பது எவ்வாறு என்பது பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் எரு. ஆங்கிலேய விவசாய விஞ்ஞானியான ஆல்பர்ட் ஹோவர்டு, 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது கம்போஸ்ட் முறை ஒன்றை வகுத்தார். செடிகொடிக் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவையே அதற்கு வேண்டிய சரக்குகள். இவற்றை அடுக்கி, ஈரம் குன்றாமல் காத்து, மும்முறை கிளறிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதங்களில் எரு ஆயத்தமாகிவிடும். இந்நாட்டுக் குடியானவர்களைத் தம் ஆசிரியர்களாகவே அவர் மதித்தார் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. இன்றைய குப்பைக்குழியிலோ பிளாஸ்டிக் பையும் சேர்ந்துவிடுகிறது. அதைப் பொறுக்கி எறிவதே முதற்பாடம். குழியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் ஈரம் மிகுதி; உதிர்ந்துபோனால் குறைவு. நாற்றமடித்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள், கிளறிவிட வேண்டும்.

கோடையில் மண்ணை வெயிலுக்குக் காட்டலாகாது. சருகு, வைக்கோற்கழிவு, கரும்புச் சோகை எது கிடைத்தாலும் பாத்தியில் மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடைவெளி விடுங்கள். குழாயடியில் வழிந்தோடும் நீரை வாழைக்குத் திருப்புங்கள். நீர் போதாத ஊரில், முருங்கையையும் கறிவேப்பிலையையும் இரண்டு கீரைப்பாத்தியையும் காப்பாற்றி, எஞ்சிய நிலத்தை மூடாக்கின் கீழ் ஓய்வாக விடலாம். அதைத் தோல்வி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை இருக்கிறது. பருப்பை 50 கிராம் இடித்து, 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். தெளித்த உடனே புழு செத்து விழும் என்று எதிர்பார்ப்பவர்கள், மறுநாளே கடைமருந்தை நாடிப் போகிறார்கள். வேம்பு பெரும்பாலும் பூச்சியின் தீனியையும் வளர்ச்சியையும் தடுப்பது. ஆதலால் அதன் பலன் மெதுவாகத்தான் தெரியும். இதை விளங்கச் சொல்லாமல் கரைசலை மட்டும் கொடுப்பது பயனற்ற வேலை.

கற்பிக்கும் விஷயத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேடைப் பேச்சினால் தோட்டம் வளர்வதில்லை. இந்தப் பேச்சும் அதற்கு விலக்கன்று. சுரைவிதையையும் அவரைவிதையையும் ஆண்டுதோறும் சாம்பலில் புரட்டிக் காத்துவரும் மூதாட்டி ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அவர் வீட்டுக் கொல்லையிலேயே வகுப்பை வையுங்கள். சுய உதவிக் குழுப் பெண்களும் பிள்ளைகளும் வாரம் ஒரு மணி நேரம் அங்கே கைவேலையாகக் கற்கட்டும். வாடிப்போன செடியையும் மறைக்காமல் காட்டி, அது ஏன் வாடியது என்று கேளுங்கள்.

பொதுத் தோட்டத்தைப் பூச்சியைக் காட்டிலும் விரைவாக அழிப்பது, காயை யார் பறிப்பது என்னும் பூசல். உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுவது நமக்கு வாய்ப்பாக இருக்கிறது. கோடை முற்றுமுன் வரும் நாள் அது. விடுமுறைக் காலத்தில் முறைவைத்து நீர் விடுவோரின் பெயரையும், காயில் அவர்களுக்குரிய பங்கையும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். வேலிக் கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.