படுக்கைப் புண்ணும் தலையெழுத்தும்



நெடுநாள் படுத்த நோயாளிக்கு இடுப்பிலும் குதிகாலிலும் புண் கண்டால், "பூர்வஜென்ம வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று நம் ஜனங்கள் சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால், அதே நோயாளியைக் குப்புறக் கிடத்தினால் புண் கன்னத்திலும் முகவாயிலும் வருகிறதே, வினையும் கூடவே புரண்டு படுத்துக்கொண்டதா என்று கேட்கிறோம்.

காரணம் வெகு சுலபம். எலும்பு துருத்தி நிற்குமிடத்தில் உடம்பின் பாரம் இறங்குகிறது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் போகாத சதை செத்து அழுகுகிறது. நாம் தூக்கத்திலும் நம்மையறியாமல் புரளுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்தோடும் மூச்சுக் கருவியோடும் கிடப்பவருக்கு வலியும் தெரியாது, புரளவும் முடியாது. சங்கதி இவ்வளவே.

விதி பேசினவர்கள் நம் நாட்டார் மாத்திரமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துப் பெரிய வைத்தியரான ஷார்க்கோவே, இப்புண் நரம்புக் கேட்டினால் வருவது, வைத்தியரால் தடுக்க ஆகாதது என்று கருதினார். பெரியவர் சொன்னாரென்று எல்லோரும் சும்மாயிருந்தார்களா? அவருக்கு முன்னமே, 1832-ல், ஸ்காட்லாந்துக்காரரான நீல் ஆர்னட், தொட்டி நீரின்மேல் ரப்பர் துணி விரித்து நோயாளியை மிதக்க வைத்தார். யூதரென்பதற்காக ஜெர்மனியை விட்டு ஓடிவர நேர்ந்த லுட்விக் குட்மன், 1944 முதல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், முதுகுத்தண்டு முறிந்த சிப்பாய்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்தார். பிழைக்கமாட்டார்களென்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்து வேலைக்கும் போனார்கள்.

இன்று காற்றுப் படுக்கைகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள அறைகளில் பம்பு ஒன்று, சில நிமிஷங்களுக்கொருமுறை மாற்றி மாற்றிக் காற்றை ஏற்றி இறக்கி, பாரம் ஒரே இடத்தில் நில்லாமல் செய்கிறது. ஆனால் படுக்கையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். நோயாளியைப் புரட்ட வேண்டும். ஈரமில்லாமல் வைக்க வேண்டும். நல்ல ஆகாரம் கொடுக்க வேண்டும். தோலைத் தினமும் பார்க்க வேண்டும். நம்மவர் கறுத்த தோலில் முதற் சிவப்பு தெளிவாய்த் தெரியாது. சூட்டையும் தடிப்பையும் கைவைத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இவ்வேலை முழுவதும் மருமகள் தலையில் விழுகிறது. புண் வந்தால் பழியும் அவளுக்கே. இரண்டு மணிக்கொருதரம் ராத்திரியெல்லாம் எழுந்திருக்க ஒரு பெண்ணால் எத்தனை நாள் முடியும்? தகப்பனுக்குக் கொள்ளிவைக்க உரிமை கொண்டாடும் ஆண்பிள்ளைகளே, அவர் உயிரோடிருக்கும்போது முறைபோட்டுப் புரட்டிப் படுக்கவையுங்கள். அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.