இறகு சொல்லும் பாதரசக் கணக்கு

குளிர்காலத்தில் சென்னையின் கொரட்டூர் ஏரிக்கு வலசைப் பறவைகள் வரும். அவற்றுக்கு நம் குப்பையே ஆபத்தாகலாம். நாம் தூக்கிப்போடும் பழைய டியூப்லைட்டுக்குள் துளி பாதரசம் இருக்கும். அது ஏரிச் சேற்றில் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். புழு, சிறுமீன், பெரியமீன் என்று ஏறி, மீன் தின்னும் பறவையின் உடம்பில் பல மடங்காகிவிடும். நரம்பு பாதிக்கப்படும், குஞ்சு பொரிப்பதும் குறையும். கடற்பறவைகளுக்கும் இதே கதிதான். புது இறகு முளைக்கும்போது பறவை பாதரசத்தை அதில் ஒதுக்கும். அதனால் ஓர் இறகை வைத்தே ஆய்வாளர்கள் பறவையின் பாதரச அளவைச் சொல்லிவிடுகிறார்கள்.

பாதரசக் கழிவைக் கண்ட இடத்தில் போடுவதற்கு ஓர் உதாரணம் உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு, அங்குள்ள மூஞ்சிக்கல் காயலான் கடையில் சிக்கியது. 2001இல் ஆலையே மூடப்பட்டது. நம் வீட்டு டியூப்லைட்டை உடைக்காமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுப்போம்.