சளி தீர்ந்தும் தீராத இருமல்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



மார்கழிப் பனி தொடங்கிவிட்டால் நம் ஊர்களில் இருமல் ஒலி கேளாத வீடு அரிது. ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விடுகிறது. மூக்கு ஒழுகுவது நின்றுவிடுகிறது; காய்ச்சலும் இல்லை. இருமல் மட்டும், விருந்துக்கு வந்த உறவினர் ஊர் திரும்ப மறந்தாற்போல, தங்கிவிடுகிறது. இதற்கு எதுவரை பொறுப்பது, எப்போது விழித்துக்கொள்வது என்பதையே இன்று நாம் பேச எண்ணுகிறோம்.

ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ் கிருமி சில நாட்களில் ஒழிந்துவிடும். ஆனால் மூச்சுக்குழாயின் உட்புறச் சவ்வை அது புண்படுத்திவிட்டுப் போகிறது. தூசியையும் கபத்தையும் மேல்நோக்கித் தள்ளுகின்ற மெல்லிய மயிரிழைகள் அச்சவ்வில் உண்டு. அவை பழுது நீங்கி மீண்டும் வேலை செய்ய நாள் பிடிக்கும். அதுவரை விறகடுப்புப் புகை, பனிக்காற்று, களத்தில் நெல் தூற்றும்போது எழும் பதர்த் தூசி ஆகிய யாவும் இருமலைக் கிளப்பும். சளியை ஒட்டி வரும் இருமல் சராசரியாக ஏறத்தாழ 18 நாள் நீடிக்கிறது என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். மக்களோ ஒரு வாரத்தில் தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் கடைக்காரரின் மருந்துப் புட்டி வீட்டுக்குள் நுழைகிறது.

அந்தப் புட்டியால் பெரும்பயன் ஏதுமில்லை. சிறு குழந்தைகளுக்கோ அது ஆபத்தாகவும் முடியலாம். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அம்மருந்தில் கலந்திருந்தது. அது தயாரான இடம் நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டம் என்பதை நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டியிருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து தரவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அது வேண்டாம் என்றும் மத்திய சுகாதாரத் துறையினர் அவ்வாண்டிலேயே அறிவுறுத்தினர். கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் வைரஸைக் கொல்லாது.

வெதுவெதுப்பான நீர் அடிக்கடி பருகுதல், உப்பு நீரால் தொண்டை கொப்பளித்தல், படுக்குமுன் ஒரு கரண்டி தேன் ஆகியவை போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. களத்து வேலையின்போது மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்க. பீடியை விடாமல் இருமலுக்கு மருந்து தேடுவது ஓட்டைச் சாலில் நீர் இறைப்பதாகும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரை உண்போர்க்கு அதனாலேயே வறட்டிருமல் வருவதுண்டு. அவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, அஞ்ச வேண்டிய இடத்துக்கு வருவோம். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் மூத்தவர் தை அறுவடையில் பிடித்த இருமல் என்று சொல்லி நான்கு மாதம் கழித்தார். தூசி என்றார், பனி என்றார். புட்டிக்கு மேல் புட்டி வாங்கினார். உடல் இளைத்தது, மாலையில் காய்ச்சல் கண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கபம் சோதித்தபோது காச நோய் என்று தெரிந்தது. முன்னாளில் க்ஷயம் என்றார்களே, அதுதான். அவர் பக்கத்திலேயே படுத்துறங்கிய பேரனுக்கும் அதற்குள் தொற்றியிருந்தது. இருவரும் மருந்துண்டு தேறினர் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிறுவன் மருந்துண்ண வேண்டிய தேவையே நேர்ந்திருக்க வேண்டாம் அன்றோ?

ஆகவே இரண்டு வாரம் என்பதை எல்லையாகக் கொள்க. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கபத்தைச் சோதிக்க வேண்டும். கபத்தில் இரத்தம், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, மூச்சிரைப்பு இவற்றுள் ஒன்று கண்டாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கலாகாது.

"சாதாரண இருமலே 18 நாள் இருக்கும் என்றீர்கள், பதினைந்தாம் நாளே சோதனைக்குப் போகச் சொல்கிறீர்களே?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சோதனைக்கு வருவோரில் பெரும்பாலோர்க்கு நோய் இராது. அவர்கள் நிம்மதியோடு வீடு திரும்புவார்கள். எஞ்சிய அந்தச் சிலரைக் கண்டுபிடிக்கவே இத்தனை பேரைச் சோதிக்கிறோம். காச நோய் ஒழிந்த பஞ்சாயத்து என்று சான்று பெற, ஆண்டுக்கு 1000 பேருக்கு 30 பேரையேனும் சோதித்திருக்க வேண்டும் என்று 2023-இல் தொடங்கிய திட்டத்தில் விதித்திருப்பதும் இக்கருத்துப் பற்றியே. நோயாளி இல்லை என்று எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. தேடிப் பார்த்தோம் என்று காட்ட வேண்டும்.

பலர் சோதனைக்கு வராதிருப்பதற்குக் காரணம் நோயன்று, நாணம். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பார்கள் என்ற அச்சம். இதில் மருத்துவரைவிடப் பஞ்சாயத்து உறுப்பினரின் சொல்லுக்கே வலிமை மிகுதி. நோயாளி வீட்டுக்குப் பலர் பார்க்கச் சென்று, திண்ணையில் அமர்ந்து பேசிவிட்டு வருக. குவளையாலும் தட்டாலும் இந்நோய் பரவுவதில்லை. மருந்துண்ணாதவர் இருமும்போது காற்றின் வழியே பரவுகிறது. நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்க வேண்டியதில்லை என்பதை உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-இல் இங்கே தொடங்கிய ஆராய்ச்சியில் நோயாளருள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தனர். வறிய வீட்டில் எளிய உணவு உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். வீட்டாருக்கும் அதனால் நோய் மிகுதிப்படவில்லை. 1959-இல் வெளியான அம்முடிவு நாடுகள் பலவற்றின் மருத்துவ முறையையே மாற்றிவிட்டது.

இன்று சாதாரணக் காச நோய்க்கு ஆறு மாத மருந்து அரசு நிலையங்களில் இலவசம். உணவுக்கென மாதம் 500 ரூபாய் தந்துவந்தது 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்தது. இடையில் உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்துவோரிடம் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். மருந்துண்போர் தவறாது உண்கிறார்களா என்று அவ்வப்போது விசாரிப்பதும் உறுப்பினர் கடமையாகும்.

கபம் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துச் சோதனையைப் பாழாக்குகிறார்கள். காலையில் எழுந்ததும் வாயை நீரால் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழ இழுத்து அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமிக் கட்டிச் சளியை எடுக்க வேண்டும். இதைத் திறந்த வெளியில், பிறர் அருகில் இல்லாதபோது செய்க. அதற்குரிய மூடியிட்ட குப்பி கிராம சுகாதார செவிலியரிடம் கிடைக்கும்.