பன்னிரண்டு தீவுகள் என்னும் பெயர்

ஈஜியன் கடலின் தென்கிழக்குப் பகுதியில், சின்னாசியாவின் கரையை அடுத்து, கிரேக்க நாட்டுக்குரிய தீவுக்கூட்டம் ஒன்று பரந்து கிடக்கின்றது. றோட்ஸ், கொஸ், பத்மொஸ், கலிம்னொஸ், சிமி முதலிய தீவுகள் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இதற்கு டொடெக்கனீஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'டொடெக்கா' என்பது பன்னிரண்டு. 'நீசொஸ்' என்பது தீவு. ஆகவே, பன்னிரண்டு தீவுகள் என்பதே இப்பெயரின் நேர்ப்பொருளாகும்.

ஆயினும் தேசப்படத்தை விரித்து எண்ணத் தொடங்குவோர் பன்னிரண்டோடு நிறுத்த இயலாது. பெரியன என்று கொள்ளத்தக்கவை மட்டுமே 15. சிறு திட்டுகளையும் கூட்டினால் தொகை நூறைத் தாண்டும். எண்ணைச் சுட்டும் ஒரு பெயர் எண்ணோடு பொருந்தாமல் நிற்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை அத்தீவு மக்களின் வரலாற்றில் உள்ளது.

கிரேக்கர் தம் தீவுக்கூட்டங்களுக்குப் பெரும்பாலும் காரணப் பெயர்களையே இட்டனர். தீலொஸ் என்னும் புனிதத் தீவைச் சுற்றி வட்டமாக அமைந்தவை 'சிக்கிளதீஸ்' எனப்பட்டன. அச்சொல் வட்டம் என்னும் பொருளுடையது. ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தவை 'ஸ்பொறதீஸ்' எனப்பட்டன. சிதறியவை என்பது அதன் பொருள். மேற்கே அயோனியக் கடலில் உள்ளவற்றை ஏழு தீவுகள் என்னும் பொருளில் 'எப்தானிசா' என்றனர். இன்று டொடெக்கனீஸ் எனப்படும் தீவுகளோ, பண்டைக் காலத்தில் தென் ஸ்பொறதீஸ் என்னும் தொகுதியுள் அடங்கியிருந்தன.

அங்ஙனமாயின் பன்னிரண்டு தீவுகள் என்னும் பெயர் முதலில் எவற்றுக்கு உரியதாயிருந்தது? வட்டமாய் அமைந்த சிக்கிளதீஸ் தீவுகளுக்கே அது உரியது. அவை தொடக்கத்தில் பன்னிரண்டாகக் கொள்ளப்பட்டன என்றும், பின்னர் வேறு சில சேர்க்கப்பட்டன என்றும் புவியியலறிஞர் ஸ்திறாபோ தம் நூலின் பத்தாம் பகுதியிற் கூறுகின்றார். பைசாந்தியப் பேரரசின் காலத்தில், எட்டாம் நூற்றாண்டளவில், தென் ஈஜியன் கடலைக் காத்த கடற்படைப் பிரிவொன்று இப்பெயரைத் தாங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டு வரையும் கிரேக்க நூல்களில் இப்பெயர் சிக்கிளதீஸ் தீவுகளையே குறித்து வந்தது.

அப்பெயர் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த வரலாறே இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. 1522ஆம் ஆண்டில் துருக்கியர் றோட்ஸைக் கைப்பற்றினர். வளம் மிக்க றோட்ஸும் கொஸும் அவர்தம் நேரடி ஆட்சிக்கு உட்பட்டன. ஏனைய சிறு தீவுகளுக்குச் சில சலுகைகள் வழங்கப்பட்டன. ஆண்டுதோறும் ஒரு மொத்தத் தொகையை வரியாகச் செலுத்திவிட்டு, உள்ளூர் அலுவல்களை அம்மக்கள் தாமே நடத்திக்கொண்டனர். பாறை நிலத்தில் வாழ்ந்த அவர்களுள் பலர் கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு இவ்வுரிமை பெருஞ்செல்வமாயிருந்தது. இத்தகைய சலுகை பெற்ற தீவுகளை எடுத்துரைக்கும்போது பெரும்பாலும் பன்னிரண்டின் பெயர்களைச் சொல்வது வழக்கம்.

1869ஆம் ஆண்டின் பின் துருக்கிய அரசு இச்சலுகைகளைக் குறைக்க முற்பட்டது. 1908இல் இளந்துருக்கியர் ஆட்சியைக் கைப்பற்றியதும் எஞ்சியிருந்தவையும் நீக்கப்பட்டன. தீவு மக்கள் முறையிட்டனர். அவர்தம் குரலை வெளியிட்ட கிரேக்கப் பத்திரிகைகள், உரிமை இழந்த பன்னிரண்டு தீவுகளையும் ஒருசேரச் சுட்ட 'டொடெக்கனீஸ்' என்னும் பழஞ்சொல்லை எடுத்தாண்டன. இடப்பெயராயிருந்த சொல் அன்று முறையீட்டின் பெயராயிற்று.

1912இல் இத்தாலி துருக்கியோடு பொருது இத்தீவுகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் தீவுகளின் பிரதிநிதிகள் பத்மொஸில் கூடிக் கிரேக்க நாட்டோடு இணையும் விருப்பத்தை அறிவித்தனர், அவ்விருப்பம் நிறைவேறவில்லை. இக்காரியா என்னும் தீவு அவ்வாண்டிலேயே கிரேக்கத்தோடு சேர்ந்தது. கஸ்தெலொறீசோ 1921 வரை இத்தாலியர் கைக்கு வரவில்லை. பழைய பன்னிரண்டில் இரண்டு இவ்வாறு விலகவே, றோட்ஸும் கொஸும் அவ்விடங்களை நிரப்பின. முன்னர்ச் சலுகை பெறாத தீவுகள், இப்போது அச்சலுகையின் பெயரால் அழைக்கப்பட்டன. இத்தாலிய அதிகாரிகளோ 'றோட்ஸும் டொடெக்கனீஸும்' என்று எழுதினர். றோட்ஸைத் தனியே பிரித்ததால் குறைந்த எண்ணை, லிப்சி என்னும் சிறு தீவைச் சேர்த்து நிரப்பினர். தீவுகள் மாறின, பன்னிரண்டு மாறவில்லை.

பெயரின் வலிமையை அதன் பகைவரும் உணர்ந்தனர். முசோலினியின் அரசு 1924 முதல் இப்பெயரை வழக்கொழிக்க முயன்று, 'ஈஜியன் கடலின் இத்தாலியத் தீவுகள்' என்ற பெயரைப் புகுத்தியது. 1936இல் ஆளுநராக வந்த தெ வெக்கி பள்ளிகளில் கிரேக்க மொழியை ஒடுக்கி இத்தாலிய மொழியைத் திணித்தார். ஆயினும் அரசாங்கத் தாள்களுக்கு வெளியே புதுப்பெயர் வேரூன்றவில்லை.

இரண்டு உடன்படிக்கைகளை அருகருகே வைத்து நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். 1923ஆம் ஆண்டின் லொசான் உடன்படிக்கையில் துருக்கி இத்தீவுகளை இத்தாலிக்கு விட்டுக்கொடுத்தது. அங்கு 14 தீவுகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்பட்டன. கூட்டத்தைச் சுட்டும் பெயர் எதுவும் இல்லை. 1947 பெப்ரவரி 10ஆம் நாள் பாரிசில் கைச்சாத்தான உடன்படிக்கையில் இத்தாலி அவற்றைக் கிரேக்கத்துக்கு அளித்தது. அங்கும் அதே 14 பெயர்களே வருகின்றன. ஆனால் அவற்றின் தலைப்பில் 'டொடெக்கனீஸ் தீவுகள்' என்ற சொல் நிற்கின்றது. பன்னிரண்டு என்று கூறிப் பதினான்கை அடுக்கியதைப் பிழையென எவரும் கொள்ளவில்லை. 1948 மார்ச் 7ஆம் நாள் இணைப்பு விழாக் கொண்டாடப்பட்டது.

1955 முதல் டொடெக்கனீஸ் ஒரு மாவட்டமாக விளங்கியது. 2011இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தால் அம்மாவட்டம் நீங்கி, அதன் நிலப்பரப்பு நான்கு நிருவாகப் பிரிவுகளாயிற்று. எனினும் மக்கள் வழக்கில் அப்பெயர் நிலைத்துள்ளது. இப்பெயரிலுள்ள பன்னிரண்டு, கடலில் உள்ள நிலத்துண்டுகளின் கணக்கன்று. தம் உரிமை பறிக்கப்பட்டபோது ஒன்றாகக் குரல் எழுப்பியோரின் நினைவு அதில் உறைந்துள்ளது. அதனாலேயே, எண்ணிக்கை பொய்த்த பின்னும் பெயர் பொய்க்கவில்லை.